கார் இல்லாமல் தோர்தோன்

கே: பிரான்சின் தோர்தோன் ஆற்றங்கரைக் கிராமங்களைக் கார் இல்லாமல் பார்க்க முடியுமா? – வாசகர், தொண்டி

ப: தாராளமாக. போர்தோ நகரிலிருந்து சார்லா என்ற ஊருக்கு ரயிலில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். அங்கேயே தங்குங்கள், புதன், சனி சந்தை நாள். பக்கத்து ஊரான வித்ராக்கில் துடுப்புப் படகு வாடகைக்குக் கிடைக்கும். அங்கிருந்து ஆற்றோடு பெய்னாக் கிராமம் வரை சுமார் 16 கி.மீ., நிதானமாகப் போனால் நான்கு மணி நேரம். வழியில், செங்குத்துப் பாறையை ஒட்டிய லா ரோக் கஜாக் கிராமத்தில் இறங்கி நடக்காமல் வராதீர்கள். திரும்ப வாடகைக்காரர்களின் வேன் உண்டு. கடைசி வேன் நேரத்தை முதலிலேயே கேளுங்கள்.

உங்கள் கடலில் வத்தை (நாட்டுப் படகு) ஓட்டிப் பழகியவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: இந்த ஆற்றில் அலை இல்லை, நீரோட்டத்தின் இழுப்பு உண்டு. பாலத்தூணில் படகு குறுக்காக மோதினால் கவிழும்; தூணுக்கு வெகு முன்பே அணியத்தை (படகின் முன்முனையை) நேராக்கிவிடுங்கள். ஜூலை, ஆகஸ்ட் ஒரே நெரிசல். ஜூன் அல்லது செப்டம்பர் உத்தமம்.