கேட்டு வாங்குங்கள்: ஒயிட் நாய்ஸ் மெஷின் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தூக்கத்துக்காக வாங்கும் ஒயிட் நாய்ஸ் மெஷின், அதாவது ஒரே சீரான இரைச்சலை எழுப்பும் சிறு கருவி பற்றியவை. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: மாடி வீட்டில் நள்ளிரவில் நாற்காலி இழுக்கிறார்கள். வெளியே நாய் குரைக்கிறது. இந்த மெஷின் வைத்தால் தூக்கம் வருமா, இல்லை ஏமாற்று வேலையா?

பதில்: ஏமாற்று வேலை இல்லை. ஆனால் தூக்கத்தைக் கூட்டி வருவது இதன் வேலை என்று நினைத்து வாங்காதீர்கள். மற்ற சத்தத்தை மூடுவதுதான் இதன் வேலை. அறை நிசப்தமாக இருக்கும்போது நாய் குரைத்தால் தூக்கிவாரிப் போடுகிறது. அதே அறையில் ஏற்கெனவே 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரே சீரான ஓசை இருந்தால், குரைப்பு அதற்கு மேல் கொஞ்சம்தான் எழும்பித் தெரியும். மூளை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிட வாய்ப்பு அதிகம்.

பேச்சுக்குரல், குரைப்பு, பாத்திரச் சத்தம் இவற்றுக்கு நன்றாகவே உதவும். மாடியில் தொம் தொம் என்று நடப்பது வேறு. அது கூரை, சுவர் வழியாக அதிர்வாக இறங்குவது. உள்ளங்கை அளவு ஸ்பீக்கரால் அதை மூட முடியாது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்றால், பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 38 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2021இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தூக்கம் மேம்படுகிறது என்பதற்கான ஆதாரம் மிகவும் பலவீனமானது என்பது அவர்கள் முடிவு. ஆகவே பெட்டியில் 'தூக்கமின்மையைக் குணப்படுத்தும்' என்று அச்சிட்டிருந்தால் அதைக் கீழே வைத்துவிடுங்கள். முதலில் ஒரு வாரம் டேபிள் ஃபேனைச் சுவர் பக்கம் திருப்பி ஓடவிட்டுப் பாருங்கள். அது உதவினால் மெஷினும் உதவும்.

கேள்வி: போனில் இலவச ஆப் இருக்கிறதே, தனியாக மெஷின் எதற்கு?

பதில்: பிடிக்கிறதா என்று பார்க்க ஆப் போதும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டுக் கேளுங்கள், இல்லாவிட்டால் நடுராத்திரியில் விளம்பரம் எழுப்பிவிடும்.

கேள்வி: ஒன்றில் 10 வகை ஒலி, இன்னொன்றில் 36 வகை ஒலி. விலை வித்தியாசம் கொஞ்சம்தான். 36 உள்ளதை வாங்கலாமா?

பதில்: இந்த எண்ணிக்கையைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. நானும் இப்படித்தான் வாங்கினேன். மழை, அருவி, அலை, இரவுப் பூச்சி என்று பெட்டி முழுக்கப் படங்கள். முதல் இரவு மழையை வைத்துவிட்டுப் படுத்தேன். தகரத்தில் ஒரு துளி 'டிங்' என்று விழுந்தது. நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே 'டிங்', அதே இடத்தில். எண்ணிப் பார்த்தேன், 11 நொடிக்கு ஒரு முறை. அதற்கப்புறம் என் காதில் மழையே விழவில்லை. அடுத்த துளி எப்போது என்று காத்துக்கொண்டே விடிந்தது. அந்த மெஷின் இன்னும் அலமாரியில் கிடக்கிறது.

நடப்பது இதுதான். மலிவான மெஷினில் ஒவ்வொரு ஒலியும் சில நொடிப் பதிவு. முடிந்ததும் முதலிலிருந்து ஓடும். ஒட்டும் இடத்தில் சின்னதாக ஒரு 'டக்', அல்லது இம்மி அளவு இடைவெளி இருக்கும். மூளை எதிலும் ஒழுங்கைத் தேடும். ஒரு முறை கண்டுபிடித்துவிட்டால் விடாது. இத்தனை ஒலி என்று பெருமையாக அச்சிடுகிறவர்கள், ஒரு பதிவு எத்தனை நொடி என்பதையும் அச்சிடட்டும். வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

கடையில் சோதிக்க ஒரு வழி உண்டு. மழை அல்லது அலை ஒலியை வையுங்கள். தனியாகத் தெரியும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு துளி, ஒரு பறவை. 3 நிமிடம் கண்ணை மூடிக் கேளுங்கள். அது திரும்பத் திரும்ப வந்தால் வாங்காதீர்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் இன்னும் 3 நிமிடம் கேளுங்கள்.

இந்தத் தொல்லையே இல்லாத இரண்டு வகை உண்டு. ஒன்று, உள்ளே நிஜமான சிறு விசிறி சுற்றும் மெஷின். மேல் மூடியைத் திருப்பினால் துளைகள் திறந்து மூடி ஓசை மாறும். 1962இல் அமெரிக்காவில் ஜிம் பக்வால்ட்டர் உருவாக்கியது இந்த வகைதான். பதிவே கிடையாது என்பதால் திரும்ப ஓடவும் ஒன்றும் இல்லை. இரண்டாவது, இரைச்சலை அந்தந்த நொடியில் மின்னணு முறையில் உருவாக்கும் வகை. ஓசை வகை குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. தூங்க ஒன்று போதும்.

கேள்வி: இரைச்சலில் ஒயிட், பிங்க், பிரவுன் என்று வகை சொல்கிறார்கள். எது நல்லது?

பதில்: ஒயிட்டில் எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவு ஆற்றல், அதனால் காதுக்குக் கீச்சென்று இருக்கும். பிங்க்கில் மேல் ஸ்தாயி குறைவு, மழை போல இருக்கும். பிரவுனில் இன்னும் குறைவு, தூரத்து அருவி போல. இந்தப் பிரவுன் நிறத்தைக் குறிப்பதும் இல்லை, ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளரின் பெயர். எது உங்கள் காதை உறுத்தவில்லையோ அது நல்லது.

கேள்வி: குழந்தை பிறந்து 3 வாரம். தொட்டில் கம்பியில் மாட்டும் மெஷினைக் கடைக்காரர் சிபாரிசு செய்தார். சத்தத்தை முழுதாக வைத்தால்தான் அழுகையை மீறிக் கேட்கும் என்கிறார்.

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

டொரன்டோ குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் குழந்தைகளுக்கென விற்கும் 14 மெஷின்களை அளந்து 2014இல் வெளியிட்டார்கள். முழுச் சத்தத்தில், 30 சென்டிமீட்டர் தூரத்தில், 14ம் 50 டெசிபலைத் தாண்டின. மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகள் அறைக்குச் சொல்லப்படும் வரம்பே 50தான். மூன்று மெஷின்கள் 85ஐயும் தாண்டின. பெரியவர்கள் 8 மணி நேர வேலையில் அதற்கு மேல் கேட்கக்கூடாது என்று சொல்லப்படும் அளவு அது.

தொட்டிலில் மாட்டவே வேண்டாம். அறையின் மறுகோடியில், குறைந்தது 2 மீட்டர் தள்ளி வையுங்கள். குழந்தையின் தலை இருக்கும் இடத்தில் உங்கள் காதை வைத்துக் கேளுங்கள். அங்கே நீங்கள் மெதுவாகப் பேசினால் அது தெளிவாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் குறையுங்கள். குழந்தை தூங்கியதும் அணைத்துவிடுங்கள். அழுகையை மீறும் சத்தம் குழந்தையின் காதுக்கு ஆகாது. இந்தக் கடைக்காரர் இதை இன்னும் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார் என்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

கேள்வி: கணவரின் குறட்டைக்காக மூன்று மெஷின் வாங்கிவிட்டேன். மூன்றும் சரியில்லை. நான்காவதாக எதை வாங்கட்டும்? சத்தம் பெரிதாக இருக்க வேண்டும்.

பதில்: எதையும் வாங்காதீர்கள். முதல் மெஷின் ஏன் உதவவில்லை என்று யோசிக்காமலே அடுத்த இரண்டையும் வாங்கியிருக்கிறீர்கள். ஒன்றையாவது திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டதாகவும் கடிதத்தில் இல்லை. பக்கத்துத் தலையணையிலிருந்து வரும் குறட்டையை மூட வேண்டுமென்றால் மெஷின் அதைவிடச் சத்தமாக ஓட வேண்டும். அது உங்கள் காதைத்தான் கெடுக்கும். இதைவிட நுரைக் காதடைப்பான் நல்லது.

அதைவிட முக்கியமான ஒன்று. ஓர் இரவு மெஷினை அணைத்துவிட்டு அவர் மூச்சைக் கவனியுங்கள். குறட்டை திடீரென்று நிற்கிறதா, சில நொடி ஓசையே இல்லாமல் இருந்து, அப்புறம் திணறலோடு மூச்சு திரும்புகிறதா? அப்படியானால் அது ஸ்லீப் அப்னியாவாக, அதாவது தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்று திரும்பும் கோளாறாக இருக்கலாம். மெஷின் ஓடும் அறையில் அந்த இடைவெளி யாருக்கும் கேட்காது. அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

கேள்வி: ஒரு மணி நேரத்தில் தானாக அணையும் டைமர் நல்லதுதானே?

பதில்: சத்தம் சட்டென்று நின்றாலே சிலருக்கு விழிப்பு வந்துவிடும். மெதுவாகக் குறைந்து அணையும் டைமராகப் பாருங்கள். மெஷினில் எரியும் விளக்கை முழுதாக அணைக்க முடிகிறதா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: நான் இரவுப் பணி பார்க்கும் செவிலியர். பகலில் தூங்க, விசிறி உள்ள மெஷின் என்று விளம்பரம் பார்த்து ஆன்லைனில் வாங்கினேன். வந்தது உள்ளே ஸ்பீக்கர் உள்ளது. பெட்டியைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.

பதில்: உங்கள் மீது ஒரு தவறும் இல்லை. பிரிக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்? மனம் மாறித் திருப்பிக் கொடுப்பது வேறு, சொன்ன பொருளை அனுப்பாதது வேறு. 'பிரித்தால் திரும்பாது' என்பதெல்லாம் முதல் வகைக்கு. உங்களுடையது இரண்டாவது.

இன்றே விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், நாளைக்கு வாசகத்தை மாற்றிவிடலாம். 'விசிறி' என்று எழுதியிருக்கும் வரி அதில் தெரிய வேண்டும். மெஷினின் அடிப்பக்கம், மாடல் எண், ஸ்பீக்கர் துளை, பெட்டி எல்லாவற்றையும் படம் எடுங்கள். போனில் பேசுவதை நிறுத்துங்கள். 'விளம்பரத்தில் சொன்ன பொருள் இது இல்லை, முழுத் தொகையும் வேண்டும்' என்று எழுத்தில், தேதியோடு அனுப்புங்கள். விற்பனைத் தளத்தில் தனியாகப் புகார் பதியுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி மூலமே திரும்பப் பெறும் வழியைக் கேளுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு என்பதால் விற்பவரின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். அதுவரை மெஷினைப் பயன்படுத்தாதீர்கள், பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள்.

இரவெல்லாம் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்து தூங்க ஒரு வழி தேடியவரிடம் இப்படி நடந்துகொண்டிருக்கிறார்கள். பணம் வந்ததா என்று எனக்கு எழுதுங்கள். வராவிட்டாலும் எழுதுங்கள், அடுத்த புகார்க் கடிதத்தைச் சேர்ந்தே எழுதுவோம்.