முகக்கவசத்துக்குள் பார்க்கும் ரேடார்: மகளை எந்தப் பிரிவில் சேர்ப்பது?

அன்புள்ள அம்மாவுக்கு,

முகக்கவசம் போட்டவரையும் ரேடார் அடையாளம் காணும் என்று ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து மகள் அதே நினைப்பாக இருக்கிறாள், ஏ.ஐ. படிப்பில்தான் சேருவேன் என்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல ஆசை, கெடுத்துவிடாதீர்கள். பிரிவை மட்டும் கொஞ்சம் யோசிப்போம்.

துணி மறைத்த பகுதியைக் கேமராவால் பார்க்க முடியாது. 60 கிகாஹெர்ட்ஸ் ரேடார் அலையின் நீளம் 5 மில்லிமீட்டர். உலர்ந்த துணிக்குள் அது பெரும்பாலும் புகுந்து போய்விடும். தோலில் நீர் இருப்பதால் அங்கே பட்டுத் திரும்பும். அந்த எதிரொலியில்தான் கன்னம், தாடை, மூக்கின் அமைப்பு இருக்கிறது. 1895-லேயே கொல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் மில்லிமீட்டர் அலைகளை வைத்துச் சோதனை செய்து காட்டினார் என்பதையும் அவளிடம் சொல்லுங்கள்.

இப்போது ஒரு கணக்கு. ரேடார் இரண்டு பொருள்களைத் தனித்தனியாகப் பார்க்க, அவற்றின் தூரத்தில் குறைந்தது எவ்வளவு வித்தியாசம் வேண்டும் என்று அறிய, ஒளியின் வேகத்தைப் பேண்ட்வித்தின் (ரேடார் பயன்படுத்தும் அலைவெண்களின் அகலம்) இரு மடங்கால் வகுக்க வேண்டும். கடையில் கிடைக்கும் 60 கிகாஹெர்ட்ஸ் சிப்புகள் சிலவற்றில் பேண்ட்வித் 4 கிகாஹெர்ட்ஸ் வரை இருக்கும். பிளஸ் டூ பிள்ளைக்கு ஒரு வரிதான்: 3.75 செ.மீ. ஒரு ஸ்கேலை எடுத்து, கன்னத்தைவிட மூக்கு நுனி எவ்வளவு முன்னே நீட்டியிருக்கிறது என்று அவளையே அளக்கச் சொல்லுங்கள். அநேகமாக அவ்வளவு வராது. அப்படியென்றால் தூரத்தை மட்டும் பார்க்கும் ரேடாருக்கு மூக்கும் கன்னமும் ஒன்றுதான். பல ஆன்டெனாக்களில் வந்து சேரும் அலைகளின் ஃபேஸ் வித்தியாசத்தை (ஒரு அலையின் ஏற்ற இறக்கம் இன்னொன்றுக்கு எவ்வளவு முன்பின்னாக வருகிறது என்பதை) கணக்கிட்டுத்தான் முகத்தின் மேடுபள்ளத்தைப் பிடிக்கிறார்கள். அது யாருடைய முகம் என்று சொல்லும் ஏ.ஐ. பகுதியான நியூரல் நெட்வொர்க் அதற்குப் பிறகுதான் வருகிறது. அது ஆளை மாற்றிச் சொன்னால், முகக்கவசத்தின் மூக்குக் கம்பியில் பட்ட எதிரொலியா, அவர் தலையைத் திருப்பியதா என்று கண்டுபிடிக்க அலையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் என் யோசனை, மின்னணுவியலும் தொலைத்தொடர்பும் சேர்ந்த இ.சி.இ. பிரிவு. பைத்தானும் மெஷின் லேர்னிங்கும் கூடவே கற்றுக்கொள்ளலாம். மின்காந்தவியலைத் தனியாக உட்கார்ந்து கற்பது ரொம்பக் கஷ்டம். அதற்கு ஆசிரியரும் லேபும் வேண்டும். கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். மைக்ரோவேவ் லேபைக் காட்டச் சொல்லுங்கள். மைக்ரோவேவ் சுற்றுகளையும் ஆன்டெனாக்களையும் அளக்கும் வெக்டர் நெட்வொர்க் அனலைசர் இருக்கிறதா, மாணவர்களைத் தொட விடுகிறார்களா என்று கேளுங்கள்.

வேலை கிடைக்குமா என்ற உங்கள் பயம் நியாயமானது. முகம் அறியும் ரேடார் இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிக் கட்டத்தில்தான் இருக்கிறது. அதை மட்டும் நம்பி நான்கு வருடம் படிக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் காருக்கான 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார், தொடாமலே மூச்சை எண்ணும் கருவி, பெங்களூரு சிப் நிறுவனங்கள், பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ரேடார் ஆய்வகம், சென்னைத் தரமணியில் உள்ள சமீர் என்ற அரசு மைக்ரோவேவ் ஆராய்ச்சி நிறுவனம், எல்லா இடத்திலும் இதே படிப்புதான் பேசும். எம்.டெக். சேர்வதற்கான கேட் தேர்வு எழுதி அதுவரை போனால் நல்லது.

இன்னொன்றையும் அவளிடம் பேசுங்கள். இதே மில்லிமீட்டர் அலையில் இயங்கும் விமான நிலைய ஸ்கேனர்கள் முதலில் பயணியின் உடலையே படமாகக் காட்டின. எதிர்ப்பு எழுந்தபின் அமெரிக்காவில் மென்பொருளை மாற்றி, எல்லோருக்கும் ஒரே பொம்மை உருவம் தெரியும்படி செய்தார்கள். மறைத்துக்கொண்டவரின் முகத்தை அவருக்குத் தெரியாமல் படிக்கும் கருவியும் இதே கேள்வியைச் சந்திக்கும். அந்தக் கேள்வி மனதில் இருக்கும் பொறியாளர் இந்தத் துறைக்கு அவசியம் வேண்டும்.

கவுன்சலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கும் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன் இரண்டு மூன்று கல்லூரிகளின் லேபைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். எந்தக் கல்லூரியை முதலில் போடுவது என்று மூவருமாக உட்கார்ந்து பார்க்கலாம்.