மார்க் ஷீட்டில் பள்ளம்: வெளிநாட்டு விண்ணப்பம் பற்றிச் சில கேள்விகள்

ஒன்பது, பத்தில் 68 சதவீதம்; பதினொன்றில் 89. எம்.ஐ.டி., ஹார்வர்டு போன்ற இடங்களில் பழைய மார்க்கையும் பார்ப்பார்களா?

பார்ப்பார்கள். 9 முதல் 12 வரை நான்கு ஆண்டு மார்க்கும் போக வேண்டும். ஆனால் மொத்தமாகக் கூட்டி வகுத்து முடிவு கட்டுவதில்லை. எந்த ஆண்டு, எந்தப் பாடம் என்று பிரித்துப் படிப்பார்கள். இயற்பியலுக்கு விண்ணப்பிப்பவர் ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் 58 வாங்கியிருந்தால் அது தழும்புதான். அதே 58 பதினொன்றாம் வகுப்புக் கணக்கில் வந்தால் தேறுவது கஷ்டம்.

உங்கள் ஏறுமுகத்துக்கு இன்னொரு சாட்சி தேவை: பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டு மார்க். ஜனவரித் தொடக்கத்தில் விண்ணப்பம் முடிந்தபின் பள்ளி அதைத் தனி அறிக்கையாக அனுப்பும். ‘பொதுத்தேர்வில் பிடித்துவிடலாம்’ என்று அரையாண்டைக் கோட்டை விடுகிறவர்கள் ஏராளம். பொதுத்தேர்வு முடிவு மே மாதம் வருகிறது. அமெரிக்கப் பல்கலைகள் மார்ச் கடைசியிலேயே முடிவைச் சொல்லிவிடும்.

எஸ்.ஏ.டி.யில் (அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான தேர்வு, மொத்தம் 1600) 1550 எடுத்தால் ஈடுகட்டுமா?

பாதி. எம்.ஐ.டி. 2022-லும் ஹார்வர்டு 2024-லும் இத்தகைய தேர்வை மறுபடி கட்டாயமாக்கின. ஆகவே நல்ல ஸ்கோர் இல்லாமல் அங்கே பேச்சே இல்லை. ஆனால் 1550-உம் பக்கத்திலேயே 70 சதவீதமும் இருந்தால், ‘மூளை இருக்கிறது, ஆண்டு முழுக்க உட்கார்ந்து படிக்கமாட்டான்’ என்று விண்ணப்பத்தைப் படிப்பவருக்குத் தோன்றும். கலிபோர்னியா பல்கலைக்கழகம் இந்த ஸ்கோரைச் சேர்க்கைக்குப் பார்ப்பதே இல்லை.

பத்தாம் வகுப்பில் மஞ்சள் காமாலை. அதைக் கட்டுரையில் எழுதலாமா?

முதன்மைக் கட்டுரையில் வேண்டாம். பல அமெரிக்கப் பல்கலைகளுக்கான பொது விண்ணப்பமான காமன் ஆப்பில் சவால்கள், சூழ்நிலைகள் பற்றி எழுதத் தனி இடம் உண்டு. 250 சொல் வரை போகலாம், 80 சொல்லே போதும். தேதி, நாள், எண் இருக்கட்டும்: ‘ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை 46 நாள் பள்ளிக்குப் போகவில்லை. காலாண்டில் இயற்பியல் 41, அரையாண்டில் 67, ஆண்டுத் தேர்வில் 84.’ இதற்கு மேல் உருக்கம் சேர்த்தால் கெடும்.

இதையே தலைமை ஆசிரியரும் தன் கடிதத்தில் சொன்னால் எடை கூடும். நம் பள்ளிகளில் பெரும்பாலும் மேற்படிப்புக்கு வழிகாட்டும் கவுன்சலர் கிடையாது. கவுன்சலர் நிரப்ப வேண்டிய படிவங்கள் தலைமை ஆசிரியர் தலையில்தான் விழும். செப்டம்பரிலேயே வருகைப் பதிவின் நகலோடு போய்ப் பாருங்கள். பிரிட்டன் பல்கலைகளுக்கான பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸில் இந்த விவரம் பரிந்துரைக் கடிதத்திலேயே இடம்பெறும். அதற்கென்று ஒரு பகுதி இருக்கிறது.

மார்க்கை ஜி.பி.ஏ.வாக (அமெரிக்க முறையில் பெரும்பாலும் நான்குக்குக் கணக்கிடும் சராசரி) மாற்றித் தரலாமா? ஒன்பதாம் வகுப்பு ரேங்க் கார்டு தொலைந்துவிட்டது.

மாற்றாதீர்கள். ஆன்லைன் கால்குலேட்டரில் வரும் 3.9-ஐ யாரும் நம்பமாட்டார்கள். நூற்றுக்கு எத்தனையோ அப்படியே போகட்டும். கார்டு போனால் பள்ளிப் பதிவேட்டிலிருந்து லெட்டர்ஹெட்டில் எடுத்து, முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

சி.பி.எஸ்.இ. பன்னிரண்டில் 76 சதவீதம். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ்?

இந்த மார்க்கோடு நேரடியாக இல்லை. பெரும்பாலும் சி.பி.எஸ்.இ.யின் உச்ச கிரேடான ஏ1-ஐ எதிர்பார்க்கும் இடங்கள் அவை. ஒரே ஆண்டில் இரண்டுக்கும் சேர்த்து விண்ணப்பிக்கவும் முடியாது. கெடு அக்டோபர் 15. இரண்டிலும் பட்டப்படிப்புக்கு முந்தைய அடித்தள ஆண்டுப் படிப்பு உண்டென்றாலும் அது பிரிட்டன் மாணவருக்கு மட்டும். இதை மறைத்து ‘அந்த வழியாகச் சேர்த்துவிடுகிறோம்’ என்று முன்பணம் கேட்கும் ஏஜென்ட்டிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். லண்டனின் யூ.சி.எல். பல்கலை வெளிநாட்டு மாணவருக்கென்றே ஓராண்டு ஆயத்தப் படிப்பு நடத்துகிறது. அதற்கும் நுழைவுத் தேர்வு உண்டு, முடித்தாலும் யூ.சி.எல்.லில் இடம் உறுதியல்ல.

பள்ளி மார்க்கையே கழற்றிவிட வழியில்லையா?

உண்டு. கலிபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜில் (பட்டத்தின் முதல் இரண்டாண்டுப் பாடங்களை நடத்தும் உள்ளூர் அரசுக் கல்லூரி) இரண்டாண்டு படித்து, கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மூன்றாம் ஆண்டில் மாறுவது. அப்போது முதன்மையாகப் பார்ப்பது கல்லூரி மார்க்கைத்தான். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் நிபந்தனையை நிறைவேற்றினால் உறுதி இடம் தரும் ஏற்பாடும் இருக்கிறது, பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ் (யூ.சி.எல்.ஏ.) வளாகங்கள் அதில் சேராது. துறைக்கேற்ப நிபந்தனை மாறும். கணினி அறிவியலை அந்தப் பட்டியலில் சேர்க்காத வளாகங்கள் உண்டு. சறுக்குவது முதல் செமஸ்டரில்தான்: தேவையான கணக்குத் தாளை விட்டுவிட்டு எளிதானதை எடுத்தால், மாறுவதற்கான 60 யூனிட் (பாட அலகு) முடித்தும் மேஜருக்கு, அதாவது விரும்பிய முதன்மைப் பாடத்துக்கு, தகுதி இருக்காது. பணம் நான்கு ஆண்டுக்கும் கைவசம் இருக்க வேண்டும்; வெளிநாட்டு மாணவருக்கு அங்கே உதவித்தொகை சொற்பம்.