சுழல்பாதை நடை: கேள்விகளும் பதில்களும்

தரையில் வளைந்து வளைந்து நடுவுக்குப் போகும், லாபிரிந்த் எனப்படும் சுழல்பாதையில் தியானமாக நடப்பது பற்றிக் கொழும்பிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே நீளத்தில் பதில் இருக்காது.

வெள்ளவத்தை: அக்கா, நடுவில் வழி தவறிவிட்டால் என்ன செய்வது?

தவறாது. சுழல்பாதையில் கிளை இல்லை, முட்டுச்சந்து இல்லை, ஒரே வழிதான். வேலி வைத்து ஆளைத் திணறடிக்கும் மேஸ் வேறு. இதில் எந்தப் பக்கம் திரும்புவது என்று யோசிக்கவே தேவையில்லை என்பதால்தான் மனம் ஓய்கிறது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நடுவுக்கு வந்ததும் கோடுகளைத் தாண்டி வெளியே போய்விடக் கூடாது. வந்த வழியே திரும்பி நடக்க வேண்டும். பாதி நடை அதில்தான் இருக்கிறது.

தெஹிவளை: தொடர்மாடியின் மேல்தளத்தில் கொஞ்ச இடம்தான் இருக்கிறது. வரைய முடியுமா?

தாராளமாக. மூன்று சுற்றுப் பாதைக்கு 12 அடிச் சதுரம் போதும். வெண்கட்டியால் முதலில் ஒரு கூட்டல் குறி போடுங்கள், ஒவ்வொரு கையும் ஒன்றரை அடி. அதைச் சுற்றி ஒரு சதுரம் இருப்பதாக நினைத்து நான்கு மூலைகளிலும் புள்ளி வையுங்கள். இனி வளைவுகள். கூட்டலின் மேல்முனையிலிருந்து வலது மேல்புள்ளிக்கு ஒரு சின்ன வளைவு. அதற்கு மேலாக, இடது மேல்புள்ளியிலிருந்து கூட்டலின் வலக்கை முனைக்கு. பிறகு இடக்கை முனையிலிருந்து வலது கீழ்ப்புள்ளிக்கு. கடைசியாக, இடது கீழ்ப்புள்ளியிலிருந்து எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு கூட்டலின் கீழ்முனைக்கு. அந்தக் கீழ்முனைக்கு இடப்பக்கம் இருக்கும் இடைவெளிதான் வாசல். பாதையின் அகலம் எங்கும் ஒன்றரை அடியாக வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழு சுற்று வேண்டுமானால் கூட்டலுக்கும் புள்ளிக்கும் நடுவே ஒவ்வொரு மூலையிலும் ஒரு 'ட' வடிவக் கோணம் சேர வேண்டும். அதற்கு 24 அடியாவது தேவை. மே முதல் செப்டெம்பர் வரை மழை அடிக்கடி வரும், ஈரச் சீமெந்து வழுக்கும், கவனம். வெயில் காலத்தில் காலை ஏழு மணிக்குள் நடந்து முடித்துவிடுங்கள், அப்புறம் தளம் கொதிக்கும்.

மருதானை: இடப்பக்கமாகத் தொடங்க வேண்டுமா, வலப்பக்கமாகவா?

எப்படி வரைந்திருக்கிறதோ அப்படி.

கொட்டாஞ்சேனை: இது தேவாலயங்களிலிருந்து வந்த வழக்கம்தானே? கோயில் பிரகாரத்தைச் சுற்றி வரும் நமக்கு எதற்கு?

பம்பலப்பிட்டி: இது சக்கரவியூகம், வீட்டில் வரைந்தால் கூடாது என்று அம்மம்மா சொல்கிறா. உண்மையா?

இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் வாக்குவாதம் நடப்பது இங்கேதான்.

பிரான்சில் ஷார்த்ர் பேராலயத்தின் தளத்தில் இருக்கும் சுழல்பாதை 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அகலம் ஏறக்குறைய 13 மீட்டர்தான், ஆனால் அதற்குள் மடிந்து கிடக்கும் பாதை 260 மீட்டர் அளவு. 1990களில் சான் பிரான்சிஸ்கோவின் கிரேஸ் பேராலயத்தில் மதகுரு லோரன் ஆர்ட்ரெஸ் அதே வடிவத்தை மீண்டும் நடைக்குக் கொண்டுவந்தார். இன்றைய பரவலுக்கு அது பெரிய காரணம். ஆனால் வடிவம் தேவாலயத்துக்கு முந்தியது. கிரேக்கத்தின் பைலோஸில் கிடைத்த, கி.மு. 1200 அளவிலான களிமண் பலகையில் ஏழு சுற்று வடிவம் கீறப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கற்களை அடுக்கி அமைத்த பழைய பாதைகள் இருக்கின்றன. ஏழுசுற்றுக் கோட்டை என்று நாம் சொல்லும் வடிவம் இதுதான். யாருடைய மதத்தையும் கடன் வாங்குவதாக நினைத்து ஒதுங்க வேண்டாம்.

பிரகாரம் சுற்றுவதும் இதுவும் ஒன்றல்ல. பிரகாரத்தில் எப்போதும் வலமாகத்தான் போகிறோம், கருவறைக்கும் நமக்கும் உள்ள தூரம் பெரிதாக மாறுவதில்லை. ஏழு சுற்றுப் பாதையில் வெளியிலிருந்து எண்ணினால் மூன்றாவது சுற்றில் நுழைவீர்கள், அப்புறம் இரண்டு, ஒன்று என்று விளிம்புக்குத் தள்ளப்படுவீர்கள். பிறகு நான்கு, ஏழு, ஆறு, ஐந்து, அதன்பின் நடு. மையத்தை ஒட்டிய ஏழாவது சுற்றில் நடந்துவிட்டுத் திரும்பவும் விலக வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் வரும் எரிச்சலையும் ஏமாற்றத்தையும் கவனிப்பதுதான் பயிற்சி. இரண்டையும் செய்யலாம், ஒன்று மற்றதை விரட்டாது.

அம்மம்மாவின் பயம் புரிகிறது. கர்நாடகத்தின் ஹளேபீடு ஹொய்சளேஸ்வரர் கோயில் சிற்பத்தில் அபிமன்யு நுழையும் சக்கரவியூகம் சுழல்பாதையாகவே செதுக்கப்பட்டிருக்கிறது. அவன் திரும்பி வரவில்லை, அதனால் அந்த எண்ணம். ஆனால் வட இந்தியாவில் சில இடங்களில் அதே வடிவத்தைத் தட்டில் வரைந்து, பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணுக்குக் காட்டி, கழுவிய நீரைக் குடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். குழந்தை வழி கண்டு வெளியே வரட்டும் என்றுதான். அம்மம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். வெளியே வரும் வழியையும் நடங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதற்காகத்தான்.

கிருலப்பனை: சிங்கள நண்பர்கள் சக்மன் என்ற பௌத்த நடைத் தியானம் செய்கிறார்கள். அதுவே போதாதா?

போதும், அருமையான பயிற்சி. அது நேர்ப்பாதையில் போய்த் திரும்பி வருவது. ரிட்டிகல, அரன்கலே காட்டு மடங்களில் அதற்கென்றே அமைத்த பழைய நடைபாதைகளைப் பார்க்கலாம். அங்குத்தர நிகாயம் என்ற பௌத்த நூல் நடைத் தியானத்துக்கு ஐந்து பயன்கள் சொல்கிறது. பயணம் தாங்கும் உடல், முயற்சி தாங்கும் உடல், நோயின்மை, உண்டது செரித்தல், நெடுநேரம் நிலைக்கும் சமாதி, அதாவது மன ஒருமை. கற்றுத்தர ஆள் இருந்தால் அதையே தொடருங்கள்.

வத்தளை: எனக்குத் தலைச்சுற்று வரும். நடக்கலாமா?

முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். அதுவரை காகிதத்தில் வரைந்து விரலால் போய் வாருங்கள். இத்தாலியின் லுக்கா பேராலய முகப்புத் தூணில் கைக்கெட்டும் உயரத்தில் அப்படி ஒன்று செதுக்கியிருக்கிறது. விரலும் வந்த வழியே திரும்ப வேண்டும்.

நாரஹேன்பிட்டி: எத்தனை தரம் சுற்றினால் பலன்? இடமா, வலமா?

எண்ணிக்கை கிடையாது. இடம் வலம் பற்றி மேலே சொல்லிவிட்டேன், இனி அந்தக் கேள்வியை எடுக்கமாட்டேன்.

கல்கிசை: பத்துப் பேர் ஒன்றாக நடக்கலாமா அக்கா?

நடக்கலாம். முன்னால் போனவர் முதல் திருப்பத்தைக் கடந்த பிறகு அடுத்தவர் நுழையட்டும். வேகமாகப் போகிறவர் முந்திக்கொள்ளலாம், தப்பில்லை. எதிரே ஆள் வந்தால் உள்ளே போகிறவர் ஒதுங்கி, திரும்பி வருகிறவருக்கு வழி விடுங்கள். போன் எல்லாம் வாசலில் ஒரு கதிரையில் இருக்கட்டும்.