வாலில்லாத குஞ்சு தரையில் உட்கார்ந்திருந்தால்

கேள்வி: எங்கள் வீடு செங்கோட்டையை அடுத்த புளியரையில். கொல்லைப்புறத்து மல்லிகைப் பந்தலில் ஒரு ஜோடி கொண்டைக்குருவி கூடு கட்டி மூன்று குஞ்சு பொரித்தது. தினமும் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று காலை கூடு காலி. ஒரு குஞ்சு மட்டும் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பறக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தது. பூனைக்குப் பயந்து அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறேன். பாலில் நனைத்த ரொட்டியைத் தின்ன மறுக்கிறது. மனுஷர் கை பட்டதால் தாய் இனி சேர்க்காது என்கிறார் அத்தை. கன்னத்தில் சிவப்பும் இல்லை, வேறு குருவியின் குஞ்சோ? எப்படி வளர்ப்பது?

பதில்: வளர்க்க வேண்டாம். பந்தலிலேயே கொடி அடர்ந்த இடமாகப் பார்த்து உட்கார வைத்துவிட்டு, நீங்கள் அடுப்படிக்குள் போய்விடுங்கள். உங்கள் வாட்ஸ்அப் செய்தி வந்த அன்றே போனில் இதைத்தான் சொன்னேன். மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறேன்.

அது தவறி விழுந்த குஞ்சு இல்லை, தானாகக் கிளம்பி வந்தது. கொண்டைக்குருவி அடைகாப்பது ஏறக்குறைய 12 நாள். பொரித்த பிறகு குஞ்சுகள் கூட்டில் தங்குவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கண் திறக்காத சதைத் துண்டு இரண்டு வாரத்துக்குள் இறகு முளைத்து இறங்கிவிடுகிறது. பறப்பதை வெளியே வந்துதான் கற்றுக்கொள்ளும். பாம்பும் வால்காக்கையும் தேடி வருகிற ஒரே கிண்ணத்தில் மூன்றும் சேர்ந்து கிடப்பதைவிட ஆளுக்கொரு புதரில் பிரிந்திருப்பது நல்லதுதானே? தாயும் தகப்பனும் குரலை வைத்து ஒவ்வொன்றையும் தேடிப் போய் ஊட்டும். ஆனால் நீங்கள் பக்கத்தில் நின்றால் வராது. 'தாய் விட்டுட்டுப் போயிடுச்சு' என்று நாம் பதறுவது பெரும்பாலும் இதனால்தான்.

கன்னத்துச் சிவப்பைப் பார்த்துச் சந்தேகப்பட்டது கூர்மையான கேள்வி. உங்கள் பந்தலில் இருப்பது கொண்டைக்குருவியில் செம்மீசைச் சின்னான் என்கிற வகை. அந்தச் சிவப்பு மீசை குஞ்சுக்கு இருக்காது, வளர வளரத்தான் வரும். வாலுக்கடியிலும் பெரியவற்றின் அடர்சிவப்பு இராமல் வெளுத்த செம்பழுப்பாக இருக்கும்.

பால், ரொட்டி இரண்டும் கூடாது. பறவைக்குப் பால் செரிக்காது. சின்ன வயதில் நானும் ஒரு குஞ்சைச் செருப்புப் பெட்டியில் வைத்து, இங்க் ஃபில்லரால் தண்ணீர் ஊட்டினேன். மூச்சுக்குழாயில் தண்ணீர் போய்விடும் என்று அப்போது யார் சொன்னார்கள்? விடிவதற்குள் அது விறைத்துக் கிடந்தது. இன்றும் அந்தப் பெட்டியின் வாசனை ஞாபகம் இருக்கிறது.

அத்தை சொன்னது சரியில்லை. கை பட்ட வாசனைக்காகக் குருவி தன் குஞ்சை ஒதுக்காது. ஆனாலும் அவரோடு வாதாட வேண்டாம். பிள்ளைகள் கூட்டில் கை விடாமல் இருக்க இதைவிட நல்ல பொய்யை யாரும் கண்டுபிடித்ததில்லை.

இறகே முளைக்காத குஞ்சு விழுந்து கிடந்தால் கதை வேறு. அதைக் கையில் எடுத்துக் கூட்டிலேயே திரும்ப வைக்க வேண்டும். கூடும் பிய்ந்து விழுந்திருந்தால், சின்னப் பனையோலைக் கொட்டானில் காய்ந்த புல் போட்டு அதே கொடியில் கட்டிவிடுங்கள். பூனை வாய் வைத்துவிட்டதென்றால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். காயம் சின்னதாகத் தெரிந்தாலும் பூனையின் எச்சில் பறவைக்கு விஷம் மாதிரி. அப்புறம், காட்டுப் பறவையைப் பிடித்து வீட்டில் வைத்துக்கொள்வது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

சாயங்காலம் நீங்களே கூப்பிட்டுச் சொன்னீர்கள்: ஜன்னலை ஒருச்சாய்த்துவிட்டுப் பார்த்தபோது, அலகில் பச்சைப் புழுவோடு பெரியது வந்து, முதலில் கொடிக்கம்பியில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அப்புறம்தான் உள்ளே புகுந்தது என்று. சொல்லும்போது உங்கள் குரல் கொஞ்சம் இறங்கியது. ஒரு மாதமாக அந்த ஜன்னலில் நின்றே காப்பி குடித்தவருக்கு அது இருக்கத்தான் செய்யும்.

கூடு காலியாகிவிட்டதே, பந்தலைக் கவாத்து பண்ணிவிடலாம் என்று வீட்டுக்காரர் சொல்வதாகவும் சொன்னீர்கள். மூன்று வாரமாவது பொறுக்கச் சொல்லுங்கள். குஞ்சுகள் அந்த இலைக்குள்தான் ஒளிந்துகொண்டு இரை வாங்கும். அதே ஜோடி பக்கத்திலேயே இன்னொரு கூடு கட்டவும் வாய்ப்பிருக்கிறது. அதுவரை பூனையைப் பகலில் வெளியே விடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பூனை என்றால், பேசுவதற்கு அத்தையை அனுப்புங்கள்.