ஆபரேஷனுக்கு முன் ‘சிடி1சி’, பின் ‘பிடி3ஏ’: அப்பாவின் புராஸ்டேட் புற்றுநோய் ஒரே மாதத்தில் முற்றிவிட்டதா?

முற்றவில்லை. இப்போது ரிப்போர்ட்டில் இருப்பது அன்றைக்கே உள்ளே இருந்திருக்கும். பார்க்க வழியில்லை, அவ்வளவுதான். நான் டாக்டர் இல்லை. ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பதிவேட்டுப் பிரிவில் இருக்கிறேன். கேஸ் ஷீட்டிலிருந்து இந்த எழுத்துகளை எடுத்துப் பதிவதுதான் என் வேலை.

நடுவில் இருக்கும் ‘டி’யும் எண்ணும் கட்டி எந்த அளவு என்பதைச் சொல்பவை. முதலில் நிற்கும் எழுத்தைக் கவனியுங்கள். ‘சி’ என்றால் ஆபரேஷனுக்கு முன் தெரிந்ததை வைத்துப் போட்ட நிலை. டாக்டர் விரலால் பரிசோதித்தபோது எதுவும் தட்டுப்படவில்லை. ரத்தத்தில் பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம்) ஏறியிருந்ததால் ஊசி பயாப்ஸி எடுத்தார்கள், புற்று என்று வந்தது. இதுதான் சிடி1சி. ‘பி’ என்பது வெட்டியெடுத்த சுரப்பியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொன்னது. பிடி3ஏ என்றால் கட்டி சுரப்பியின் எல்லையைத் தாண்டியிருக்கிறது, ஆனால் விந்துப்பைக்குள் நுழையவில்லை. நுழைந்திருந்தால் பிடி3பி.

பலருக்குத் தெரியாத ஒன்று: புராஸ்டேட்டுக்கு ‘பிடி1’ என்ற நிலையே கிடையாது. சுரப்பியில் கட்டி இருந்தால் குறைந்தபட்சம் பிடி2. ஆக, சிடி1சி என்று தியேட்டருக்குள் போனவருக்கு, ரிசல்ட் எவ்வளவு நன்றாக வந்தாலும் எண் கூடத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பதறிப் போகிற குடும்பங்கள் நிறைய.

பதிவேட்டில் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுத மாட்டோம், இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு. கதிர்வீச்சு மட்டும் எடுத்துக்கொண்டவருக்கு ‘சி’ நிலைதானே இருக்கும்? அவரையும் உங்கள் அப்பாவையும் ஒப்பிட வேண்டுமானால் அந்தப் பழைய எண்தான் வேண்டும்.

பிடி3ஏ-வைவிட நான் முதலில் தேடுவது மார்ஜின். எடுத்த சுரப்பியின் வெளிப்புறத்தில் மை பூசுவார்கள். புற்று செல்கள் அந்த மையைத் தொட்டால் ‘மார்ஜின் பாசிட்டிவ்’. பிடி3ஏ என்றாலே மார்ஜின் பாசிட்டிவ் என்று நினைத்துவிடாதீர்கள், சுத்தமாகவும் இருக்கலாம். பிடி2-விலும் பாசிட்டிவ் வருவதுண்டு. புற்று செல்கள் எவ்வளவு வீரியமானவை என்று சொல்லும் க்ளீசன் ஸ்கோரில் கூட்டுத்தொகையை மட்டும் பார்க்காதீர்கள்: 3+4, 4+3 இரண்டுமே 7தான், ஆனால் முதலாவது கிரேடு குரூப் 2, அடுத்தது அதைவிட வீரியமான 3.

வீட்டில் எல்லாவற்றுக்கும் ‘புராஸ்டேட் ஆபரேஷன்’ என்றே சொல்வோம், எங்களுக்கு அது போதாது. சிறுநீர் அடைப்புக்காகக் குழாய் வழியே சுரண்டி எடுப்பது டியுஆர்பி. சுரண்டிய துண்டுகளில் எதிர்பாராமல் புற்று தெரிந்தால், அது 5 சதவீதமோ அதற்குக் குறைவோ என்றால் சிடி1ஏ, கூடினால் சிடி1பி. அப்பாவுக்கு நடந்தது ராடிக்கல்: முழுச் சுரப்பியும் விந்துப்பைகளும் சேர்த்து. விரைகளை அகற்றுவதும் கத்தி வைக்கிற வேலைதான், ஆனாலும் நாங்கள் அதை ஹார்மோன் தொடர்பான சிகிச்சைக் கட்டத்தில்தான் போடுவோம். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை நிறுத்துவதுதான் அதன் நோக்கம். இப்படிச் செய்தால் புராஸ்டேட் புற்று அடங்கும் என்று 1941-இல் காட்டிய சார்லஸ் ஹக்கின்ஸுக்கு நோபல் பரிசு கிடைக்க 1966 ஆயிற்று.

இனி நீங்கள் பார்க்க வேண்டியது பிஎஸ்ஏ. ஆறு முதல் எட்டு வாரத்தில் அது கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கியபின் எப்போதாவது 0.2 அல்லது அதற்கு மேல் ஏறி, மறு பரிசோதனையிலும் அப்படியே வந்தால், ஸ்கேனில் எதுவும் தெரியாவிட்டாலும் அதை மீள்வருகை என்று குறிப்பார்கள். அடுத்த முறை யூராலஜிஸ்டைப் பார்க்கும்போது ஆபரேஷனில் எடுத்த சுரப்பியின் பரிசோதனை ரிப்போர்ட்டின் முழு நகலையும் எடுத்துப் போங்கள், டிஸ்சார்ஜ் சம்மரியில் மார்ஜின் பற்றிய வரி பெரும்பாலும் விட்டுப்போயிருக்கும்.