கர்லிங்ல ஓடற கல்லுக்கு முன்னாடி ஐஸை பிரஷ்ஷால ஏன் அப்படி தேய்க்கிறாங்க?

கர்லிங்னா ஐஸ் மேல கிரானைட் கல்லை வழுக்கவிட்டு, அந்தக் கோடியில இருக்கற வட்டத்தோட நடுவுக்கு யாரு கல்லு கிட்ட நிக்குதுன்னு பாக்கற ஆட்டம், ஸ்காட்லாந்துல உறைஞ்ச குளத்துல ஆரம்பிச்சது, 1998 நாகானோல இருந்து எல்லா குளிர்கால ஒலிம்பிக்லயும் உண்டு. டீமுக்கு 4 பேர், ஆளுக்கு 2 கல்லு, ஒவ்வொண்ணும் 17-20 கிலோ (காலி கேஸ் சிலிண்டரை விட கனம்!). ஒரு சுற்றுல ரெண்டு டீமோட 16 கல்லும் போனப்புறம்தான் ஸ்கோர், அதுவும் ஒரு டீமுக்குத்தான்.

ஐஸ் மேல தண்ணி தெளிச்சு பொடிப்பொடியா புள்ளி உறைய வெச்சிருப்பாங்க, பிரஷ்ஷால தேய்ச்சா அது லேசா சூடாகி உராய்வு குறையும், கல்லு இன்னும் தூரமா, நேரா போகும், கேரம்போர்டுல பவுடர் போட்டா காய் ஓடுமே அந்த மாதிரி.

பிரஷ்ஷால கல்லையே தள்றாங்கன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, ஆனா ஓடற கல்லுல பிரஷ் பட்டாலே தப்பு.